கத்தோலிக்கத் திருச்சபையின் பழைய ஒழுக்கப் போதனைகளை இந்தக் காலத்தில் அப்படியே கடைப்பிடித்து வாழ முடியுமா?

தையில் கல்யாணம் வைத்திருக்கிற, கோவையில் ஐ.டி. வேலை பார்க்கிற தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. கருத்தடை கூடாது, ஞாயிறு பூசை தவறக் கூடாது, வெள்ளிக்கிழமை சுத்தபோசனம் என்று வீட்டில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். கூட வேலை செய்கிறவர்கள் கேட்டால் சிரிக்கிறார்களாம். நடைமுறைக்கு இது ஒத்து வருமா என்கிறார்.

ஒத்து வரும் தம்பி. நானும் என் மனைவியும் 19 வருடமாக அப்படி வாழத்தான் பார்க்கிறோம். பூர்வீகம் கருமத்தம்பட்டிப் பக்கம். இப்போது திருப்பூரில் 14 தையல் மெஷின் போட்டு, பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க்காகத் துணி தைத்துக் கொடுக்கிறேன். கஷ்டம் இல்லாமல் இல்லை. ஆனால் நீங்கள் பயப்படுகிற இடத்தைவிட, நான் யோசித்தே பார்க்காத ஓரிடத்தில்தான் எனக்குப் பெரிய கஷ்டம் வந்தது.

வெள்ளிக்கிழமை விஷயத்தை விட்டுவிடலாம். நம் ஊரில் வெள்ளிக்கிழமை கறி எடுக்காத வீடுகள் எத்தனையோ இருக்கின்றன, யாரும் அதை அதிசயமாகப் பார்ப்பதில்லை. எங்கள் அம்மாயி தவக்காலம் முழுக்க ஒருசந்தி, அதாவது ஒருவேளை மட்டும் வயிறாரச் சாப்பிடுகிற நோன்பு இருப்பார். இப்போது கட்டாய ஒருசந்தி சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும்தான். இதற்குக்கூட முடியவில்லை என்றால் காலத்தின் மேல் பழி போடக் கூடாது.

குடும்ப விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்கு இரண்டாவது குழந்தை பிறந்த அன்று பிரசவ வார்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். நர்ஸம்மா ஒரு ஃபாரத்தோடு வந்தார். "ரெண்டாவதுங்களே, அப்படியே ஆபரேசனும் பண்ணிரலாமுங்க, இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று பேனாவைத் திறந்து கையில் கொடுத்தார். செய்யலாமா வேண்டாமா என்ற கேள்வியே அங்கு இல்லை. என் மாமியார் போடச் சொல்லித் தலையை ஆட்டினார். அவரும் தினம் செபமாலை சொல்கிறவர்தான். நான் பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்து, "வேண்டாமுங்க" என்றேன். டாக்டரம்மா வந்து கோபப்பட்டார். மாமியார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

திருச்சபை இதில் என்ன சொல்கிறது என்பதைச் சிரிப்பவர்கள் பாதிதான் தெரிந்து வைத்திருக்கிறார்கள். 1968இல் போப் ஆறாம் பவுல் எழுதிய 'மனித உயிர்' என்ற சுற்றுமடல் கண்டபடி பெற்றுக்கொண்டே இருங்கள் என்று சொல்லவில்லை. கணவன் மனைவி ஒன்றாவதும், உயிருக்கு இடம் கொடுப்பதும் ஒரே செயலின் இரண்டு பொருள், மனிதன் தன் இஷ்டத்துக்கு அதைப் பிரிக்கக் கூடாது என்கிறது. தக்க காரணம் இருந்தால் கரு தரிக்காத நாள்களைப் பார்த்து நடந்துகொண்டு குழந்தைகளுக்கு இடையே இடைவெளி விடலாம் என்பதும் அதிலேயே இருக்கிறது.

அந்த நாள்களைக் கண்டுபிடிக்க எங்கள் கோவில் பங்கில் இருந்த கன்னியர் மடத்து சிஸ்டர் ஒருவர் கற்றுக் கொடுத்தார். பில்லிங்ஸ் முறை என்பார்கள், ஆஸ்திரேலியாவில் ஒரு டாக்டர் தம்பதி உருவாக்கியது. வறண்ட நாள் எது, கசிவு இருக்கிற நாள் எது, அது எப்படி மாறுகிறது என்று என் மனைவி தினம் ராத்திரி ஒரு அட்டையில் குறித்து வைப்பாள். குறிப்பது அவள் வேலை, விலகி இருப்பது என் வேலை. முதல் வருடம் இதனாலேயே சண்டை வந்திருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் ஐந்து வருடம் கூட வாழ்ந்தும் அவள் உடம்பு எந்த வாரம் எப்படி இருக்கும், எப்போது அசந்து போவாள், எப்போது தெம்பாக இருப்பாள் என்று எனக்கு ஒன்றுமே தெரியாமல் இருந்தது. அந்த அட்டையைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். மூன்றாவது மகளை இருவரும் பேசி முடிவு செய்துதான் பெற்றோம். இப்போது நான்காம் வகுப்பு.

இதையெல்லாம் சரியாகச் செய்துவிட்டதால் நான் நல்ல கத்தோலிக்கன் என்ற எண்ணம் எனக்குள் உட்கார்ந்துவிட்டது. அதை உடைத்தது ஒரு சனிக்கிழமை.

திருப்பூர் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, இங்கே சனிக்கிழமைதான் சம்பளம். சில வருடம் முன்பு டிசம்பரில், ஆர்டர் கொடுக்கிற பார்ட்டி ஒருவர் பேமெண்டை இழுத்தடித்தார். இரண்டு வாரம் ஆள்களுக்குப் பாதிச் சம்பளம்தான் கொடுத்தேன். "பார்ட்டி தரலைங்க, வந்ததும் தர்றேன்" என்றேன். யாரும் சண்டைக்கு வரவில்லை. அதே வாரம் கார் தவணை போனது, வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் துணியும் எடுத்தோம்.

திருநாளுக்கு முன்னால், ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ஜெபம் விட்டது, கோபம், கெட்ட வார்த்தை என்று வழக்கமானதைச் சொன்னேன். ஃபாதர் என்ன தொழில் என்று கேட்டார். சொன்னேன். "சனிக்கிழமைச் சம்பளம் ஒழுங்காப் போகுதுங்களா?" "ரெண்டு வாரம் பாதிதானுங்க ஃபாதர்." "உங்க வீட்டுச் செலவும் பாதியாச்சுங்களா?" எனக்குப் பதில் வரவில்லை. அவர் சத்தம் போடவில்லை. கிறிஸ்துமஸ் இரவுப் பூசைக்கு முன்னால் பாக்கியை முழுசாகக் கொடுத்துவிடுங்கள், அதுதான் பரிகாரம் என்றார்.

வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்கள் என்று பழைய ஞான உபதேசத்தில் நான்கு உண்டு. சிறு வயதில் ஒப்பித்திருக்கிறேன். அதில் ஒன்று கொலை. வேலையாளின் கூலியை வஞ்சிப்பதும் அதே வரிசையில் இருக்கிறது. ஏழைக் கூலியாளுக்கு அன்றைய கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடு, அவன் அதை நம்பித்தான் இருக்கிறான் என்று பைபிளில் இணைச்சட்ட நூல் சொல்கிறது. போப் 13ஆம் லியோ 1891இல் எழுதிய சுற்றுமடல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. வேலையாள் ஒத்துக்கொண்டான் என்பதாலேயே ஒரு கூலி நியாயமானதாகிவிடாது, சிக்கனமாக வாழ்கிறவனுக்கு அது போதுமானதாக இருக்க வேண்டும் என்கிறது. கருத்தடை பற்றிப் பேசிய திருச்சபைதான் இதையும் பேசியது. நான் எனக்கு வசதியான பக்கத்தை மட்டும் திறந்து வைத்திருந்தேன்.

மனைவியிடம் சொன்னேன். அவள் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். அடகு வைத்து 23ஆம் தேதி எல்லோருக்கும் கொடுத்தேன். பிசிர் வெட்டுகிற அம்மா ஒருவர், அறுபது வயதுக்கு மேல், ஷிப்டுக்கு 360 ரூபாய். இரண்டு வாரப் பாக்கி 2,160. வாங்கி, விரலை நாக்கில் தொட்டு இரண்டு தடவை எண்ணி, சுருக்குப் பையில் வைத்து முடிச்சுப் போட்டார். "மளிகைக் கடைக்காரன் மூஞ்சியில முழிக்காம சுத்திப் போய்ட்டிருந்தனுங்க கண்ணு" என்றார். இரண்டு வாரமாக அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு நடந்த கால் என் மேல்தான் ஏறி நடந்தது போல இருந்தது. அன்றிலிருந்து ஒரு வாரச் சம்பளத் தொகையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றச் செலவு.

ஞாயிறு ஓய்வு இன்னும் எனக்கு முழுசாகத் தீராத விஷயம். அவசர ஷிப்மெண்ட் என்றாலும் ஞாயிறு மெஷின் ஓட்டுவதில்லை, அதில் ஒரு பார்ட்டி போய்விட்டார். ஆனால் ஒடிசாவிலிருந்து வந்த டெய்லர் ஒருவர், ஞாயிறு வேலை வைத்தால் ஊருக்குக் கூடுதலாக அனுப்பலாமே அண்ணா என்றார். அவருக்கு அந்தக் காசு வேண்டும். பீஸ் ரேட்டில் 15 பைசா ஏற்றினேன். அவர் இழந்ததற்கு அது ஈடாகாது என்று எனக்குத் தெரியும்.

உங்களுக்குச் சனிக்கிழமைச் சம்பளம் கொடுக்கிற வேலை இல்லை தம்பி. ஆனால் கல்யாணமாகி வீடு எடுத்தால் பாத்திரம் கழுவ ஒரு அம்மா வருவார். அவர் லீவு போட்ட நாளுக்கு எவ்வளவு பிடிக்கலாம் என்று கணக்குப் பார்க்கும்போது இந்தப் போதனையும் நினைவுக்கு வரட்டும்.

அப்புறம், மறைமாவட்டத்தில் நடக்கிற திருமணத் தயாரிப்பு வகுப்பில் இயற்கை முறை பற்றிக் கேளுங்கள். அதற்கு முன்னால், பார்த்திருக்கிற பெண்ணிடம் இதையெல்லாம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். நாங்கள் பேசவில்லை. அன்று வார்டு வாசலில் நான் வேண்டாம் என்று சொன்னபோது, உள்ளே வலியில் கிடந்தவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் அதையேதான் சொல்லியிருப்பேன் என்று பிறகு சொன்னாள். ஆனாலும் கேட்காமல் சொன்னது சொன்னதுதான். அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் அதையும் சொன்னேன்.