டெக்சாஸ் எல்லைப்புறத்தில் புரொமோத்தோராக்களுக்குப் பயிற்சி: கேள்வி பதில்

சமூகப்பணி மாணவி: செவிலியர்கள் இருக்கையில் புரொமோத்தோராக்கள் எனும் சமூக உடல்நலப் பணியாளர்கள் எதற்கு?

பதில்: மெக்சிகோ எல்லையை ஒட்டிய டெக்சாஸ் பகுதியில், குடிநீரும் கழிவுநீர் வசதியும் ஒழுங்காக அமையாத ‘கொலோனியா’ எனும் குடியிருப்புகள் ஏராளம். குடியேற்ற ஆவணம் இல்லாதவர்கள் வாழும் வீட்டின் கதவை முன்பின் அறியாதவர் தட்டினால், அது திறப்பது அரிது. அதே தெருவில் குடியிருந்துகொண்டு, உடல்நலச் செய்திகளைச் சொல்லி, மருத்துவமனைக்கு வழிகாட்டும் புரொமோத்தோராவுக்கோ அது திறக்கும். இவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

தன்னார்வலர்: சான்றிதழ் பெற என்ன வேண்டும்?

பதில்: 1999-இல் இதற்கெனச் சட்டம் இயற்றிய டெக்சாஸில், எட்டுத் திறன்களை உள்ளடக்கிய 160 மணி நேரப் பயிற்சியோ போதிய பணி அனுபவமோ வேண்டும்.

பயிற்றுநர்: பள்ளிப் படிப்பு குறைந்தவர்களுக்கு இவ்வளவையும் எப்படிக் கற்பிப்பது?

பதில்: விரிவுரையைக் குறைத்து, செய்முறையைக் கூட்டுங்கள். இரத்த அழுத்தம் பார்ப்பதையே எடுத்துக்கொள்வோம். ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து, பாதங்கள் தரையில் பதிய, கை இதயத்தின் மட்டத்தில் இருக்க, பட்டையைச் சட்டையின் மேல் அல்லாமல் வெறும் கையில் சுற்ற வேண்டும். அளக்கும்போது இருவருமே பேசக் கூடாது. இதை ஒருவருக்கொருவர் பலமுறை செய்து பார்த்தவர் மறக்கமாட்டார். பூச்சிமருந்துப் பாடமும் அப்படித்தான்: வயலிலிருந்து திரும்பும் தகப்பன், குழந்தையைத் தூக்குமுன் உடை மாற்றிக் குளிக்க வேண்டும், அந்த உடையைத் தனியே துவைக்க வேண்டும் என்பதை நடித்தே பழகட்டும். தோர்தியா எனும் மெக்சிகோ ரொட்டியை அடியோடு விலக்கச் சொல்லும் உணவுப் பாடத்தை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். அந்த வீடுகளில் அது நடக்காது, எத்தனை என்று அளவு சொன்னால் நடக்கும்.

மருத்துவ மாணவர்: பாடங்கள் ஸ்பானிய மொழியில் இருந்தால் போதாதா?

பதில்: எல்லா இடத்திலும் போதாது. கலிஃபோர்னியாவின் பண்ணைகளில் வேலை செய்யும், மெக்சிகோவின் ஒஹாக்கா மாநிலத்தவர் பலருக்கு மிஷ்டெக், த்ரிக்கி போன்றவையே தாய்மொழி. அங்கே அந்தச் சமூகத்தவரையே தேர்ந்தெடுத்து, வாய்மொழியாகப் பயிற்றுவிப்பதே முறை.

திட்ட ஒருங்கிணைப்பாளர்: பயிற்சி பெற்றவர்கள் ஏன் நிலைப்பதில்லை?

பதில்: நன்கொடைத் திட்டம் முடிந்ததும் ஊதியமும் நின்றுவிடுவதே முதற்காரணம். சேவை மனப்பான்மையைப் புகழ்ந்துகொண்டே பெட்ரோல் செலவைக்கூடத் தராத நிறுவனங்களுக்கு, இதில் வியப்பதற்கு உரிமையில்லை.

பயிற்சியில் இருப்பவர்: இன்சுலின் அளவை மாற்றலாமா என்று நோயாளி கேட்டால் என்ன சொல்வது?

பதில்: மாற்றச் சொல்லும் அதிகாரம் உங்களுக்கு இல்லை, அங்கிருந்தபடியே மருத்துவமனைச் செவிலியரைத் தொலைபேசியில் அழையுங்கள். வியர்வை, நடுக்கம், குழப்பம் தென்பட்டால் சர்க்கரை இறங்கியிருக்கலாம்: விழுங்க முடிந்தால் பழச்சாறு கொடுங்கள், நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் அவசர உதவி எண்ணான 911-ஐ அழையுங்கள்.