மூன்று நாளையும் மதுரைக்கே கொடுங்கள்

கேள்வி: எங்களுக்குப் போடிநாயக்கனூர் பக்கம். கணவர் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறார். மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. ஆண்டுத் தேர்வு முடிந்ததும் மூன்று நாள் எங்காவது போய்வரலாம் என்று பார்த்தால், கையில் இருக்கும் பணத்துக்கு மதுரைதான் கட்டுப்படியாகிறது. ஆனால் அது மாமியாரின் கண் ஆபரேஷனுக்கும் தீபாவளி ஜவுளிக்கும் நாங்கள் போய்வந்த ஊர். "அங்க என்ன இருக்கு பார்க்க? அரை நாள் கோயில், அப்புறம் வேன் பிடிச்சு ராமேஸ்வரம், திரும்பும்போது அழகர்கோயில், திருப்பரங்குன்றம்" என்கிறார் கணவர். மாமியாருக்கு மூட்டுவலி, ஆனாலும் மீனாட்சியைப் பார்க்காமல் வர மாட்டார். மகளோ போனில் இருந்து தலையைத் தூக்குவதில்லை. யார் மனமும் நோகாமல் இதை எப்படிச் சமாளிப்பது?
— ஒரு வாசகி, போடி

பதில்: சகோதரி, உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் டோக்கன் நம்பரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஜவுளிக்கு வந்தவர்களுக்குக் கைப்பை மேலேயே கண். அப்படி எத்தனை தடவை வந்தாலும் ஊரைப் பார்த்ததாகாது. அதனால்தான் "அங்க என்ன இருக்கு" என்கிறார். ஆனால் ராமேஸ்வரம் மதுரையில் இருந்து 170 கிலோமீட்டருக்குக் குறையாது. போக, வர, வழியில் சாப்பிட, மூட்டுவலிக்காரரை ஏற்றி இறக்க என்று ஒரு நாள் முழுக்க வேனுக்குள்ளேயே போய்விடும். அதைக் காலாண்டு விடுமுறைக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். 2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் பாலம் திறந்தாகிவிட்டது, ரயிலிலேயே போகலாம். வேன் வாடகையாகப் போகிற பணத்தை இப்போது நல்ல ரூமுக்குக் கொடுங்கள்.

ஏன் ரூமைச் சொல்கிறேன் என்றால், வெயில் காலத்தில் மதுரையைப் பகல் முழுக்கச் சுற்றிப் பார்க்க முடியாது. கோயில் நடை காலை 5 மணிக்குத் திறந்து பகல் 12.30 மணிக்குச் சாத்தும். மறுபடி 4 மணிக்குத்தான் திறப்பார்கள். அந்த இடைவேளையில் தார் ரோட்டில் செருப்பு ஒட்டும். வெளியூர்க்காரர்கள் சரியாக அந்த நேரத்தில்தான் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அலைவார்கள், சாயங்காலம் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். விடிகாலையில் இருந்து பத்து மணி வரை, அப்புறம் நாலு மணியில் இருந்து ராத்திரி வரை என்று நாளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ராத்திரி தூங்காத ஊர் அது. நீங்கள் மத்தியானம் தூங்கிக்கொள்ளுங்கள். அப்படித் தூங்க ரூம் பக்கத்தில் இருக்க வேண்டும். ஸ்டேஷனுக்கும் கோயிலுக்கும் நடுவில், டவுன் ஹால் ரோட்டிலும் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியிலும் லாட்ஜுகள் வரிசையாக இருக்கின்றன. போன் செய்யும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: லிஃப்ட் உண்டா, வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா, 24 மணி நேரக் கணக்கா. முதல் இரண்டும் மாமியாருக்கு. மூன்றாவது உங்கள் பர்ஸுக்கு.

கிளம்புவதை ரயிலில் வைத்துக்கொள்ளுங்கள், மகனுக்கு அதுவே பாதி டூர். அகல ரயில் பாதை வேலைக்காகப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ரயிலே பார்க்காத போடிக்கு 2023 ஜூனில் மறுபடி ரயில் வந்தது, உங்களுக்குத் தெரியாததா? சாயங்காலம் போடியில் ஏறினால் ஆண்டிபட்டிக் கணவாயை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, ராத்திரி எட்டு மணி வாக்கில் மதுரையில் இறங்கலாம். பையை ரூமில் போட்டுவிட்டு உடனே வெளியே வாருங்கள். உங்கள் ஊரில் கடை அடைக்கிற நேரத்தில் இங்கே இட்லிக் கடைகளில் அப்போதுதான் தட்டு ஏறும். தள்ளுவண்டியில் பருத்திப்பால் கிடைத்தால் வாங்கிக் கொடுங்கள். பருத்திக்கொட்டையை ஆட்டிப் பிழிந்த பாலில் கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சியது, மாமியாருக்கும் ஒத்துக்கொள்ளும்.

மறுநாள் காலை கோயில். ஐந்தரைக்கு உள்ளே போனால் கூட்டத்துக்கு முன்னால் தரிசனம் முடியும், கல்லும் சுடாது. சித்திரை வீதிகளில் வண்டி விட மாட்டார்கள், கொஞ்சம் நடக்கத்தான் வேண்டும், மாமியாரை அவசரப்படுத்தாதீர்கள். போனை வாசலிலேயே ஒப்படைத்து டோக்கன் வாங்க வேண்டும். உங்கள் மகள் விஷயத்தில் நீங்கள் மாதக்கணக்கில் சொல்லி நடக்காததை வாசலில் நிற்கும் போலீஸ்காரர் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். தரிசனம் முடிந்ததும் மாமியாரைப் பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார வைத்துவிட்டு, பிள்ளைகளை முக்குறுணி விநாயகரிடம் கூட்டிப் போங்கள். ஆளை விடப் பெரிய பிள்ளையார். விநாயகர் சதுர்த்தி அன்று மூன்று குறுணி அரிசியில் ஒரே கொழுக்கட்டையாகச் செய்து படைப்பார்கள். திருமலை நாயக்கர் மகால் கட்ட மண் எடுத்த பள்ளத்தில் இவர் கிடைத்தார், அந்தப் பள்ளம்தான் பிறகு வண்டியூர்த் தெப்பக்குளம் ஆனது என்று ஊரில் சொல்வார்கள்.

அன்றைய சாயங்காலத்தையும் இந்தக் கதையை வைத்தே நடத்தலாம். மத்தியானத் தூக்கம் முடிந்து மூன்றரைக்கு மகால். ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். 1636இல் கட்டியதில் இப்போது நிற்பது கால்வாசிதான். மீதியைப் பேரன் சொக்கநாத நாயக்கர் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார் என்பார்கள். அந்தக் கால்வாசிக்குள்ளேயே ஒரு தூணைக் கட்டிப்பிடிக்க உங்கள் நான்கு பேர் கையும் எட்டுமா என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் தெப்பக்குளம். சில வருஷங்களாக வைகைத் தண்ணீரை வாய்க்கால் வழியாக விட்டு நிரப்புகிறார்கள். மதில் ஓரத்தில் காற்று வரும், சுண்டல் வரும், மாமியாருக்கு உட்கார இடம் இருக்கும். பையன் காலையில் பார்த்த பிள்ளையார் புதைந்து கிடந்த இடம் இதுதான் என்று அப்போது சொல்லுங்கள், முன்னாலேயே சொல்லிவிடாதீர்கள்.

டவுன் பஸ் என்றேனே, சாதாரணக் கட்டண பஸ்ஸாகப் பார்த்து ஏறினால் உங்கள் ஐந்து பேரில் பெண்கள் மூன்று பேருக்கும் கட்டணமே கிடையாது. மூட்டுவலி அதிகமான நேரத்துக்கு மட்டும் ஆட்டோ.

இரண்டாம் நாள் காலையில் குடும்பத்தை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ஐந்து பேரும் எல்லா இடத்துக்கும் போக வேண்டும் என்று யார் சொன்னது? மாமியாரும் நீங்களும் நிதானமாகக் காபி குடித்துவிட்டு இன்னொரு தடவை கோயிலுக்குப் போகலாம், இல்லை தூங்கலாம். வீட்டுக்காரரைப் பிள்ளைகளோடு ஆறு மணிக்கே கீழக்குயில்குடி சமணர் மலைக்கு அனுப்புங்கள். மதுரையில் ஒன்றும் இல்லை என்றவர் அல்லவா, அவர்தான் முதலில் போக வேண்டும். அடிவாரத்தில் தாமரைக் குளம், ஐயனார் கோயில், ஆலமரம். படி ஏறினால் பேச்சிப்பள்ளம். பாறையில் வரிசையாகச் சமண குருமார்களான தீர்த்தங்கரர்கள், ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழையவர்கள். உருவங்களுக்குக் கீழே, செதுக்கக் கொடுத்தவர்கள் பெயர் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் இருக்கிறது. மகள் போனில் படம் எடுக்கட்டும், இங்கே தடையில்லை. காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் எழுத்து தெளிவாக விழும். எட்டரைக்குள் இறங்கிவிட வேண்டும். தண்ணீர் பாட்டில் கட்டாயம்.

அன்று மத்தியானம் தூக்கம் வராதவர்களுக்குப் புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. 2023 ஜூலை 15இல் திறந்தது. உள்ளே ஏசி, குழந்தைகளுக்குத் தனிப் பகுதி, காசும் கிடையாது. அரசு விடுமுறை நாளாக மட்டும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மகள் மால் கேட்பாள் என்றுதான் நினைக்கிறேன். கேட்டால் ஒரு மணி நேரம் விடுங்கள், தப்பில்லை. ஆனால் எல்லா ஊரிலும் இருக்கிற மாலுக்காக மதுரையில் ஒரு சாயங்காலத்தைச் செலவழிக்க வேண்டாம்.

ஏனென்றால் அந்தச் சாயங்காலம் வீதிகளுக்கு. கோயிலுக்குள்ளே ஆடி வீதி, வெளியே வந்தால் சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதையும் சுற்றி மாசி வீதி. கடைசியில் கோட்டை இருந்த கோட்டில் வெளி வீதி. கோட்டையை 1840களில் பிளாக்பர்ன் என்ற வெள்ளைக்காரக் கலெக்டர் இடித்தார், அவர் நினைவாக வைத்ததுதான் விளக்குத்தூண். தீபாவளிக்கு நீங்கள் துணி எடுக்க அலைந்த அதே இடம். அதன் பக்கத்தில் ஜிகர்தண்டா குடியுங்கள், ஆனால் சாப்பாட்டுக்கு முன்னால் வேண்டாம். கடல்பாசி, சுண்டக் காய்ச்சிய பால், மேலே ஐஸ்கிரீம் எல்லாம் இறங்கினால் பையன் ராத்திரி ஒன்றும் தொட மாட்டான். பிறகு மேல மாசி வீதிக்கு நடந்து போனால், காந்தி 1921 செப்டம்பர் 22 அன்று சட்டை, தலைப்பாகையை விட்டு அரைவேட்டிக்கு மாறிய வீடு இருக்கிறது. கீழே கதர்க் கடை. அவர் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த துணி, ரத்தக் கறையோடு, தமுக்கம் பக்கம் காந்தி மியூசியத்தில் இருக்கிறது. மகள் பாடத்தில் படித்த வயசு. நேரம் இருந்தால் மறுநாள் அங்கேயும் அழைத்துப் போங்கள். அன்று ராத்திரி ஒன்பது மணிக்குக் கோயிலுக்குத் திரும்பினால் பள்ளியறை பூஜை. சுவாமியின் பாதத்தைப் பல்லக்கில் வைத்து, அம்மன் பள்ளியறைக்கு மேளத்தோடு தூக்கி வருவார்கள். மாமியார் ஊரில் போய் ஒரு வருஷம் சொல்வார்.

மூன்றாம் நாளுக்குக் கீழடி போதும். சிலைமான் தாண்டிப் பக்கத்திலேயே, நகரத்தில் இருந்து 12, 13 கிலோமீட்டர். செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டிய அருங்காட்சியகம், 2023 மார்ச்சில் திறந்தது. வார விடுமுறை எந்த நாள் என்று லாட்ஜிலேயே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். பானை ஓட்டில் கீறிய தமிழி என்ற மிகப் பழைய தமிழ் எழுத்தை விட, பகடைக்கும் வட்டச் சில்லுக்கும் முன்னால்தான் உங்கள் மகன் நிற்பான். உறைகிணறு, சாயத்தொட்டி எல்லாம் வீட்டுக்காரர் பார்க்கட்டும்.

தேதி பற்றி ஒன்று. சித்திரைத் திருவிழா நடக்கிற வாரத்தில் மட்டும் வராதீர்கள். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் மூட்டுவலிக்காரரையும் எட்டு வயசுப் பையனையும் வைத்துக்கொண்டு அந்த நெரிசலில் நிற்க முடியாது, ரூம் வாடகையும் ஏறிவிடும். மற்ற நாளில் வைகையில் மணல்தான் இருக்கும். உங்கள் கொட்டகுடி ஆறு வந்து சேர்கிற வைகை இதுதான் என்று பாலத்தில் போகும்போது பிள்ளைகளுக்குச் சொன்னால், "தண்ணி எங்கே?" என்று கேட்பார்கள். வைகை அணையில், வயலுக்கும் குடிதண்ணீருக்கும் நிற்கிறது என்று சொல்லுங்கள். அழகருக்காக அங்கிருந்துதான் திறந்து விடுவார்கள்.

திரும்புவதற்கு பஸ்தான் தோது. ரயில் மதுரையில் காலையில் கிளம்பிவிடும், கீழடி பார்த்துவிட்டுப் பிடிக்க முடியாது. ரயிலில்தான் வருவேன் என்று மகன் அடம் பிடித்தால் இன்னொரு ராத்திரி தங்க வேண்டியிருக்கும், ரூம் கணக்கில் ஒரு நாள் கூடும். அதை அவன் அப்பாவிடம் அவனே கேட்டுக்கொள்ளட்டும்.