நான்கு யூனிட், ஒரே ஊர்

கேள்வி: என் மகள் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இந்த செமஸ்டரில் 'கலை, வடிவமைப்பு, நாடகம், தத்துவம்: ஒரு வரலாற்று அறிமுகம்' என்று ஒரு பேப்பரை எடுத்தே ஆகவேண்டும் என்கிறார்கள். குகை ஓவியத்தில் ஆரம்பித்து இன்றுவரை நான்கே யூனிட்டில் முடித்துவிடுகிறார்களாம். கிரேக்கக் கோயில், கிரேக்க நாடகம், சாக்ரடீஸ் என்று உட்கார்ந்து மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாள். அந்த நேரத்தில் இன்னொரு புரோகிராமிங் மொழி கற்றுக்கொண்டால் வேலைக்காவது உதவும். இந்தப் படிப்பால் என்ன பயன்?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: மனப்பாடம் செய்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குக் கோபம் வரவேண்டியது அதன்மேல்தான். நீங்களோ பாடத்தின்மேல் கோபப்படுகிறீர்கள்.

புரோகிராமிங் மொழியை அவள் எப்படியும் கற்றுக்கொள்வாள். இன்றைய பொறியியல் கல்லூரியில் அதைக் கற்காமல் தப்பிப்பதுதான் கஷ்டம். அது கிடக்கட்டும். பயன் என்று கேட்டீர்கள் அல்லவா, பயனிலிருந்தே தொடங்குகிறேன். அதுவும் பொறியியல் பயன்.

ஏதென்ஸில் அக்ரோபோலிஸ் குன்றின்மேல் நிற்கும் பார்த்தெனான் கோயிலின் படம் உங்கள் மகளின் புத்தகத்தில் கட்டாயம் இருக்கும். பார்த்தால் அளவுகோல் வைத்துக் கோடு போட்டது போலத் தெரியும். உண்மையில் அந்தக் கட்டடத்தில் நேர்க்கோட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சுமார் 70 மீட்டர் நீளமுள்ள தளம், நடுவில் 11 சென்டிமீட்டர் அளவுக்கு மேலே எழும்பியிருக்கிறது. தூண்கள் லேசாக உள்பக்கம் சாய்ந்திருக்கின்றன. மூலைத் தூண்கள் மற்றவற்றைவிடக் கொஞ்சம் பருமன். ஏன் இப்படி? தளத்தைத் தட்டையாகப் போட்டால் கண்ணுக்குக் குழிந்து தெரியும், அதைச் சரிக்கட்டத்தான் என்பது ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் தரும் விளக்கம். மழைநீர் வடிவதற்காக என்பாரும் உண்டு. காரணம் எதுவானாலும் விளைவு இதுதான்: ஒரு கல் இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு கல்லை வைக்க முடியாது. ஒவ்வொன்றும் அதனதன் இடத்துக்கென்றே செதுக்கப்பட்டது.

20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிக்கோலாஸ் பலானோஸ் என்ற பொறியாளர் அங்கே விழுந்து கிடந்த தூண்களை மறுபடி எழுப்பி நிறுத்தினார். எந்தத் துண்டு எந்தத் தூணுக்குரியது என்று பெரிதாகக் கவலைப்படவில்லை. கற்களை இரும்புக் கவ்விகளால் இணைத்தார். பழைய கிரேக்கர்களும் இரும்புக் கவ்விதான் போட்டார்கள். ஆனால் சுற்றிலும் ஈயத்தை உருக்கி ஊற்றியிருந்தார்கள். பலானோஸ் அதைச் செய்யவில்லை. இரும்பு துருப்பிடித்துப் பருத்தது, சலவைக்கல் பிளந்தது. 1975-இல் இதற்கென்றே ஒரு குழு அமைத்தார்கள். அவர் செய்ததைப் பிரித்து, டைட்டானியத்தால் இணைத்து, ஒவ்வொரு கல்லுக்கும் அதன் சொந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து வைக்கும் வேலை அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. கோயிலைக் கட்டி, சிற்பவேலை முடிக்க ஆனது கி.மு. 447 முதல் 432 வரை, வெறும் 15 ஆண்டு! பலானோஸுக்குக் கணக்கு வராமல் இல்லை. தன் கையில் இருப்பது எப்படிப்பட்ட யோசனையில் பிறந்த பொருள் என்பதைத்தான் அவர் பார்க்கத் தவறினார் என்பேன். உங்கள் மகளின் பேப்பரில் 'வடிவமைப்பு' என்று ஒரு யூனிட் இருப்பது இதற்குத்தான்.

சரி, இனி கல்லூரிக்காரர்களிடம் வருகிறேன். அவர்களையும் சும்மா விடுவதற்கில்லை.

முதல் யூனிட் கலை, இரண்டாவது வடிவமைப்பு, மூன்றாவது நாடகம், நான்காவது தத்துவம் என்று பாடத்திட்டம் போடுகிறார்கள். கோயில் ஓர் அத்தியாயத்தில், நாடகம் வேறொன்றில், சாக்ரடீஸ் கடைசியில். மாணவர்கள் இதையெல்லாம் படித்துவிட்டு, இந்த ஆட்கள் வேறு வேறு காலத்தில் வேறு வேறு நாட்டில் வாழ்ந்தவர்கள் என்று நினைத்தால் அவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா? எல்லோரும் ஒரே ஊர்க்காரர்கள். நாடகம் நடந்த இடம் கோயில் இருந்த அதே குன்றின் தெற்குச் சரிவு. நாடகம் பார்த்தவர்கள்தான் பிறகு நீதிமன்றத்தில் ஜூரியாக உட்கார்ந்து சாக்ரடீஸுக்கு மரண தண்டனை கொடுத்தார்கள்.

கி.மு. 480-இல் பாரசீகப் படை ஏதென்ஸுக்குள் புகுந்து அக்ரோபோலிஸ் கோயில்களைக் கொளுத்தியது. அதே ஆண்டு சாலமிஸ் கடற்போரில் கிரேக்கர்கள் அந்தப் படையைத் தோற்கடித்தார்கள். எட்டு ஆண்டு கழித்து, 472-இல், ஈஸ்கிலஸ் 'பாரசீகர்கள்' என்ற நாடகத்தை மேடையேற்றினார். அதற்கு முன்பே பாரசீகரை எதிர்த்து நடந்த மாரத்தான் போரில் சண்டை போட்டவர் அவர். உடன்பிறந்தவனை அங்கே பறிகொடுத்தவர். வெற்றி விழா நாடகம் என்றுதானே எதிர்பார்ப்போம்? நாடகம் நடப்பதோ பாரசீகத் தலைநகரில். தோற்றுத் திரும்பும் மகனுக்காகக் காத்திருக்கும் அரசி, ஒப்பாரி வைக்கும் முதியவர்கள், கிழிந்த உடையோடு வந்து நிற்கும் மன்னன் செர்க்சஸ். ஒரு கிரேக்கப் பாத்திரம்கூடக் கிடையாது. ஒரு கிரேக்க வீரனின் பெயர்கூட வராது. பார்த்துக்கொண்டிருந்தவர்களின் தலைக்கு மேலே, அந்த எதிரி எரித்த கோயில்கள் இடிபாடாகக் கிடந்தன. அவர்கள் அந்த எதிரியின் தாய் படும் துயரத்தைப் பார்த்துவிட்டு, நாடகத்துக்கு முதல் பரிசும் கொடுத்தார்கள். மிகையில்லாத பெருமை எதுவும் தங்களுக்கு உண்டென்றால் ஏதென்ஸ்காரர்கள் இதைச் சொல்லிக்கொள்ளலாம்.

அந்த நாடகத்துக்குப் பணம் போட்டவர் இருபதுகளில் இருந்த ஒரு பணக்கார இளைஞர். பெயர் பெரிக்ளீஸ். 25 ஆண்டு கழித்து, ஏதென்ஸின் அரசியல் தலைவராகப் பார்த்தெனானைக் கட்ட வைத்ததும் இவரேதான். மூன்றாவது யூனிட்டில் வரும் ஆளும் முதல் யூனிட்டில் வரும் ஆளும் ஒருவர்தான் என்பதை வகுப்பில் யாராவது சொன்னார்களா என்று உங்கள் மகளைக் கேளுங்கள்.

கோயில் கட்டப் பணம் எங்கிருந்து வந்தது? பாரசீகரை எதிர்க்கக் கிரேக்க நகரங்கள் கூட்டணி சேர்ந்து திரட்டிய பொது நிதி 454-இல் டெலோஸ் தீவிலிருந்து ஏதென்ஸுக்கு மாற்றப்பட்டது. நேச நகரங்கள் போருக்காகக் கொடுத்த காசில் நம் ஊர் நகை மாட்டிக்கொள்கிறதே என்று எதிர்க்கட்சிக்காரர்கள் சபையில் கூச்சல் போட்டதாகப் பிற்காலத்தில் பெரிக்ளீஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய புளூட்டார்க் சொல்கிறார். அந்த நகரங்கள் கட்டிய கப்பம் ஆண்டுதோறும் வசந்த விழாவில், நாடக அரங்கில், கூட்டத்தின் முன்னால் காட்சிக்கு வைக்கப்பட்டது. கீழே அரங்கில் காசு, மேலே குன்றில் சலவைக்கல்.

கப்பம் கட்ட மறுத்த மேலோஸ் தீவை ஏதென்ஸ் 416-இல் பிடித்தது. ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றது. அடுத்த வசந்தத்தில் அதே அரங்கில் யூரிப்பிடிஸின் 'டிராய்ப் பெண்கள்' நடந்தது. விழுந்த ஊரின் பெண்கள், தாங்கள் யார் வீட்டுக்கு அடிமையாகப் போகப்போகிறோம் என்று காத்திருக்கும் கதை. மேலோஸை மனதில் வைத்துத்தான் எழுதினாரா என்பதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. பார்த்தவர்களுக்கு மேலோஸ் நினைவு வராமல் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்த முறை இரண்டாம் பரிசு.

தத்துவத்தைக் கடைசி யூனிட்டில் ஒதுக்கி வைப்பது இதைவிடப் பெரிய தப்பு. சாக்ரடீஸ் என்றதும் தாடியும் விஷக் கோப்பையும் ஞாபகத்துக்கு வருகின்றன. அவருடைய சீடர்களில் ஒருவரான செனோபன் எழுதியதில் அவர் பட்டறை பட்டறையாகப் போய் வம்பு வளர்க்கிற காட்சிகள் இருக்கின்றன. (நடந்தது நடந்தபடியேதான் எழுதினார் என்று நான் சொல்ல மாட்டேன்.) பராசியஸ் என்ற ஓவியரிடம் போய், மனத்தின் குணத்தை வரைவீரா என்று கேட்கிறார். நிறமும் உருவமும் இல்லாததை எப்படி வரைவது என்கிறார் ஓவியர். ஒருவன் நண்பனைப் பார்க்கிற கண்ணும் எதிரியைப் பார்க்கிற கண்ணும் ஒன்றா, அந்தக் கண்ணை வரையலாம்தானே என்று மடக்குகிறார் சாக்ரடீஸ்.

அப்புறம் மார்புக் கவசம் செய்யும் பிஸ்டியஸின் கடை. உன் கவசம் மற்றவர்களுடையதைவிட உறுதியும் இல்லை, செலவும் அதிகமில்லை, பிறகு ஏன் விலை கூடுதல் என்று கேட்கிறார். என்னுடையதில் அளவுப் பொருத்தம் நன்றாக இருக்கும் என்கிறான் அவன். உடம்பே பொருத்தமில்லாத ஆள் வந்தால்? அவன் உடம்புக்குத் தகுந்தபடி செய்வேன். அப்படியானால் நீ சொல்கிற பொருத்தம் கவசத்தில் இல்லை, போட்டுக்கொள்கிறவனைப் பொறுத்தது என்கிறாய்! உடம்போடு சேர்ந்த கவசத்தின் பாரம் தோள், மார்பு, முதுகு என்று பரவிவிடும், சுமப்பதே தெரியாது. சேராதது ஓர் இடத்தில் அழுத்தும், பொன்முலாம் பூசியிருந்தாலும் உபத்திரவம்தான் என்று பேச்சு போகிறது. செல்போன் ஆப் உருவாக்கும் இளைஞர்களுக்கு இன்று சம்பளம் வாங்கிக்கொண்டு நடத்தும் வகுப்பு இதுதான். கலை, வடிவமைப்பு, தத்துவம் மூன்றும் ஒரே அத்தியாயத்தில், நாலைந்து பக்கத்தில் கிடைக்கின்றன. பாடத்திட்டம் போட்டவர்கள் கண்ணில் இது ஏன் படவில்லையோ தெரியவில்லை.

நாடகத்துக்கும் சாக்ரடீஸுக்கும் உள்ள வழக்கு இன்னும் சுவாரசியம். 423-இல் அரிஸ்டோபேனிஸ் 'மேகங்கள்' என்ற கேலி நாடகத்தில் சாக்ரடீஸை அந்தரத்தில் கூடையில் தொங்கவிட்டு, பொய் வழக்கு ஜெயிக்கக் கற்றுக்கொடுக்கும் வாத்தியாராகக் காட்டினார். போட்டியில் கடைசி இடம். ஆனால் 24 ஆண்டு கழித்து நீதிமன்றத்தில் நின்ற சாக்ரடீஸ், இன்று வழக்குப் போட்டவர்களைவிட அந்தப் பழைய கேலியால்தான் எனக்குக் கெடுதல் அதிகம் என்று சொன்னதாக அவருடைய இன்னொரு சீடரான பிளேட்டோ எழுதுகிறார். அதே பிளேட்டோ பிறகு தன் கற்பனைக் குடியரசிலிருந்து கவிஞர்களை வெளியேற்றினார். அவரிடம் சுமார் 20 ஆண்டு இருந்த அரிஸ்டாட்டில், சோக நாடகத்தைப் பார்த்து இரக்கமும் அச்சமும் கொள்வதால் மனிதனுக்கு நன்மைதான் என்று பதில் எழுதினார். சினிமா பார்த்து ஜனங்கள் கெட்டுப்போகிறார்களா என்று நம் ஊரில் நடக்கிற சண்டையில் இரண்டு தரப்பும் இவர்களைத் தாண்டிப் புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை.

இதையெல்லாம் சொல்வதால் ஏதென்ஸுக்குக் கற்பூரம் காட்டச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சபையில் பெண்களுக்கு இடமில்லை. அக்ரோபோலிஸிலேயே எரெக்தியான் கோயில் வேலைக் கணக்கு கல்வெட்டாகக் கிடைத்திருக்கிறது; குடிமகனும் வெளியூர்க்காரனும் அடிமையும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே கூலிக்கு வேலை செய்திருக்கிறார்கள், அடிமையின் கூலி யார் மடியில் விழுந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அடிமை முறை இயற்கையானது என்று வாதாடியவரும் மேலே சொன்ன அரிஸ்டாட்டில்தான். இதையும் சேர்த்துச் சொல்லாத வாத்தியார் பாதிப் பாடம்தான் நடத்துகிறார்.

என்னைக் கேட்டால், குகையிலிருந்து இன்றுவரை ஓடுவதை நிறுத்திவிட்டு மூன்று ஊர்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் ஒரு மாதம் நிற்கச் சொல்வேன். ஆனால் பாடத்திட்டம் என் கையிலோ உங்கள் கையிலோ இல்லை. வீட்டில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 'பாரசீகர்கள்' ஆயிரத்துச் சொச்சம் வரிகள்தான், பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவளோடு சேர்ந்து நீங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை படியுங்கள். அடுத்த வாரம் 'மேகங்கள்'. அதில் கடன் வாங்கிவிட்டுக் கொடுக்காமல் தப்பிக்க வழி தேடும் அப்பா ஒருவர் வருகிறார். வேலைக்கு ஆகிற படிப்பு வேண்டும் என்று மகனை சாக்ரடீஸிடம் சேர்த்துவிடுகிறார். படித்து முடித்து வந்த மகன் முதலில் அப்பாவை அடிக்கிறான், பிறகு அடித்தது நியாயம்தான் என்று நிரூபித்தும் காட்டுகிறான். அந்த இடம் வரும்போது புத்தகம் உங்கள் கையில் இருக்கட்டும்.