வேலையை விட்டுவிட்டு ஓட்டப் பயிற்சியாளர் ஆகலாமா?

கேள்வி: கோவையில் ஐ.டி. நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன், வயது 36. சில முழு மாரத்தான்களை முடித்திருக்கிறேன். வார இறுதிகளில் நண்பர்கள் பன்னிரண்டு பேருக்கு இலவசமாகப் பயிற்சி தருகிறேன். இதையே முழுநேரத் தொழிலாக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேலையை விடாதீர்கள். முதலில் அந்தப் பன்னிரண்டு பேரிடமும் கட்டணம் கேளுங்கள். மாதம் 2,500 ரூபாய் என்று சொன்னால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால், நண்பர்களிடமே கேட்க முடியாதவர் முன்பின் தெரியாதவரிடம் எப்படிக் கேட்பார்?

இந்தத் தொழிலின் பெரிய சிக்கல் பருவம். கோவை மாரத்தான் டிசம்பரில், சென்னை மாரத்தான் ஜனவரியில். ஆகஸ்ட், செப்டம்பரில் கூட்டம் சேரும். பதக்கத்துடன் படம் எடுத்துக்கொண்டதும் கலைந்துவிடும். ஏப்ரல், மே வெயிலில் மைதானத்தில் நீங்கள் மட்டும் நிற்பீர்கள். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் வந்து நிற்பதும் அப்போதுதான்! எனவே ஒரு பந்தயத்துக்கான அட்டவணையை விற்காதீர்கள். ஆண்டு முழுவதற்கும் திட்டம் போடுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் தசை வலுவூட்டும் பயிற்சி. கோடையில் விடியுமுன் குறுகிய ஓட்டம், நீச்சல், சைக்கிள். ஜூன் முதல் நிதானமான நீண்ட ஓட்டங்கள். பந்தயத்துக்கான கடும் பயிற்சியைக் கடைசி 16 வாரங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆட்கள் விலகுவதற்கு இன்னொரு காரணம் காயம். முழங்கால் வலி வந்தவர் சொல்லிக்கொண்டு போகமாட்டார், வராமல் இருந்துவிடுவார். சேரும்போதே நெஞ்சுவலி, ரத்த அழுத்தம், சர்க்கரை, சாப்பிடும் மாத்திரைகள், குடும்பத்தில் இதயநோய் பற்றி எழுதி வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் மருத்துவர் ஒப்புதல் இல்லாமல் ஓட விடாதீர்கள். 220-லிருந்து வயதைக் கழித்து உச்ச இதயத் துடிப்பைச் சொல்லும் சூத்திரத்தையும் அப்படியே நம்பாதீர்கள். நாற்பது வயதுக்காரருக்கு அது 180 என்று காட்டும். உண்மையில் அவருக்கு 168 ஆகவும் இருக்கலாம், 192 ஆகவும் இருக்கலாம். 'நிறையத் தண்ணீர் குடியுங்கள்' என்ற பொதுவான அறிவுரையும் ஆபத்தானது. மெதுவாக ஓடுபவர் மணிக்கணக்கில் அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து மயங்கி விழக்கூடும். முதலுதவியும், இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் சி.பி.ஆரும் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள்.

சான்றிதழ்? பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனம் ஆறு வாரப் பயிற்சி நடத்துகிறது. போய் வாருங்கள், அடிப்படை உறுதியாகும். அதைக் காட்டினால் ஆட்கள் வந்து குவிவார்கள் என்று மட்டும் எண்ண வேண்டாம். 800 மீட்டர் உலக சாதனையாளர் டேவிட் ருடிஷாவை உருவாக்கிய கோல்ம் ஓ'கானல், 1976-இல் கென்யாவின் இட்டென் ஊருக்குப் பள்ளி ஆசிரியராகப் போனவர்; தடகளப் பயிற்சியாளர் படிப்பு எதுவும் படித்ததில்லை. அந்த ஊரிலேயே பல பத்தாண்டுகள் தங்கி ஓட்டக்காரர்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார்.

இருபது பேர் கட்டணம் கட்டினால் மாதம் 50,000 ரூபாய். ஒருவரே தனித்தனியாகக் கவனிக்க அதற்குமேல் சிரமம். இரண்டு கோடைகளைத் தாண்டியும் பதினைந்து பேராவது உங்களிடம் நீடித்து, ஆறு மாதக் குடும்பச் செலவுக்கான பணமும் கையிருப்பில் இருந்தால், ராஜினாமாக் கடிதத்தை எழுதலாம்.