பரந்தன் சந்தியா, மாங்குளமா?

கேள்வி: மாரியில் யாழ்ப்பாணத்திலிருந்து முல்லைத்தீவுக்குக் காரில் போகவேண்டும். ஏ-35 வீதியால் போகலாமா? அதன் வரலாறு என்ன? (வாசகர், சாவகச்சேரி)

பதில்: தூரத்தைப் பார்த்தால் ஏ-35தான். கிளிநொச்சிக்கு முன்பே பரந்தன் சந்தியில் கிழக்கே திரும்பினால் முல்லைத்தீவு ஏறத்தாழ 50 கிலோமீற்றர். முரசுமோட்டை, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, வள்ளிபுனம், புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் என்று ஊர்கள் வரும்.

மாரியில் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தால் கனகராயன் ஆறு பெருகிச் சுண்டிக்குளம் கடனீரேரியை நோக்கிப் பாயும். முரசுமோட்டைப் பக்கம் வீதியில் வெள்ளம் ஏறும். மற்றது வட்டுவாகல் பாலம். நந்திக்கடல் கடலோடு சேரும் முகத்துவாரத்தில் இருக்கும் இந்தப் பழைய பாலம் ஒடுக்கமானது, தாழ்வானது. எதிரே வாகனம் வந்தால் ஒருவர் காத்திருக்கத்தான் வேண்டும். தண்ணீர் மேவினால் பாலத்தின் விளிம்பு தெரியாது, இறங்கவே வேண்டாம். புதிய பாலத்துக்கான வேலை 2025 செப்டெம்பரில்தான் தொடங்கியது.

வட்டுவாகல் மட்டும் மறிபட்டால் புதுக்குடியிருப்பிலிருந்து ஒட்டுசுட்டானுக்கு இறங்கி, ஏ-34 (மாங்குளம்–முல்லைத்தீவு வீதி) வழியாக முள்ளியவளை போய் முல்லைத்தீவை அடையலாம். முரசுமோட்டையிலும் வெள்ளமென்றால் பரந்தனில் திரும்பாமல் ஏ-9இல் (யாழ்ப்பாணம்–கண்டி வீதி) நேரே மாங்குளம் போய் ஏ-34ஐப் பிடியுங்கள். சுற்றுத்தான், ஆனால் நந்திக்கடலைக் கடக்கவேண்டியதில்லை. வவுனியாவிலிருந்து வருபவர்களுக்கும் அது ஒரு வழி.

வரலாறு என்றால் 2009ஐ விட்டுப் பேசமுடியாது. ஜனவரி தொடக்கத்தில் பரந்தனும் கிளிநொச்சியும் இராணுவத்திடம் வீழ்ந்தபின், சனம் உழவு இயந்திரங்களிலும் சைக்கிள்களிலும் சாமான்களோடு கிழக்கே நகர்ந்தது பெரும்பாலும் இந்த வீதியால்தான். மே மாதம் போர் முடிந்ததும் இதன் கிழக்குக் கோடியில். மே 18இல் போவதென்றால் முள்ளிவாய்க்காலில் நினைவேந்தலுக்கு வரும் வாகன நெரிசலுக்கும் நேரம் ஒதுக்குங்கள்.