நெடுந்தூர ஓட்டத்துக்கு உமேபோஷி உதவுமா?

ஒசாகாவில் இருந்த வருடங்களில் ஓட்டப்பையில் நான் தவறாமல் வைத்திருந்த பொருள் உமேபோஷி. அதைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

கேள்வி: உமேபோஷி என்பது பிளம் ஊறுகாய்தானே?

பிளம் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் இதைச் செய்யும் உமே என்ற பழம், ஆப்ரிகாட்டுக்கு இன்னும் நெருங்கிய சொந்தம். ஜூன் மழையில் பழுப்பதை எடுத்து, பழைய முறைப்படி எடையில் ஐந்தில் ஒரு பங்கு உப்பு போட்டு மேலே பாரம் வைப்பார்கள். சில நாளில் பழம் தன் சாற்றிலேயே மூழ்கிவிடும். சிவப்பு ஷிசோ இலை நிறம் கொடுக்கும். ஜூலைக் கடைசியில் மழை விட்டதும் மூன்று நாள் வெயிலில் காயும். ஜப்பானின் உமே விளைச்சலில் பாதிக்கு மேல் வகயாமா மாநிலத்தில்தான். அங்கே மினாபே, தனாபே பக்கத்து நான்கோ ரகத்துக்குத் தனி மதிப்பு.

கேள்வி: மாரத்தானில் சக்திக்காக உறிஞ்சும் சர்க்கரை ஜெல்லுக்குப் பதிலாக இதைச் சாப்பிடலாமா ஐயா?

வேண்டாம். இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். பெரிய பழம் ஒன்றில் சதை 10 கிராம். அதில் உப்பு மட்டும் சுமார் 2 கிராம், அதாவது 800 மில்லிகிராம் சோடியம். மாவுச்சத்து மிகச் சொற்பம். நீண்ட ஓட்டத்துக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். அதைத் தருவது சோறு. ஜப்பானியர் உமேபோஷியை ஒனிகிரி என்ற சோற்று உருண்டைக்குள் வைப்பது எவ்வளவு சரி பாருங்கள்! 100 கிராம் உருண்டையில் கிட்டத்தட்ட 40 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, நடுவில் உப்பும் இருக்கிறது. மூன்றாவது மணி நேரத்தில் இனிப்பு ஜெல்லைப் பார்த்தாலே குமட்டும். அப்போதும் இந்தப் புளிப்பு உள்ளே இறங்கும். எனக்கு அது பெரிய வரம்.

கேள்வி: நான் வாங்கியது தித்திக்கிறதே?

அது தேன் சேர்த்த வகை. உப்பு 8 சதவீத அளவில்தான் இருக்கும். உப்புக்காக வாங்குவதென்றால் பாக்கெட்டின் பின்பக்கம் உப்பின் அளவைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: தசைப்பிடிப்பை நிறுத்துமா? களைப்பு போகுமா?

2010இல் வெளியான ஓர் ஆய்வில், வெள்ளரி ஊறுகாய்ச் சாறு குடித்தவர்களுக்குப் பிடிப்பு சீக்கிரம் விட்டது. உப்பு ரத்தத்தில் சேரும் முன்பே விட்டதால், வாய், தொண்டை நரம்புகள் வழியாக வேலை செய்திருக்கலாம் என்றார்கள். சோதித்தது உமேபோஷியை அல்ல, அதனால் நான் உறுதி சொல்ல மாட்டேன். இதன் புளிப்புக்குக் காரணமான சிட்ரிக் அமிலம் களைப்பைப் போக்கும் என்பதற்கும் உறுதியான ஆதாரம் கிடையாது. வறண்ட வாயில் எச்சில் ஊறும், அது நிச்சயம்.

கேள்வி: எனக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது. சாப்பிடலாமா?

முதலில் மருத்துவரைக் கேளுங்கள். நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஓடாத நாளில் இதைத் தொடாதீர்கள்.

கேள்வி: ஓடும்போது எப்படிச் சாப்பிடுவது?

இரண்டு மணி நேரம் தாண்டிய, நன்றாக வியர்க்கும் ஓட்டத்தில் பாதிப் பழம், கூடவே தண்ணீர். பயிற்சியில் பழகாமல் பந்தயத்தன்று முதல்முறை வேண்டாம். அப்புறம், கொட்டையை வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். மூச்சு வாங்கும்போது அது தொண்டையில் சிக்கலாம். உடைத்து உள்ளே இருக்கும் பருப்பையும் தின்னாதீர்கள். அதில் சயனைடை உண்டாக்கும் பொருள் இருக்கிறது.