போனில் மின்னூல் படிப்பது சரிப்பட்டு வருமா, தனியாக ரீடர் வாங்க வேண்டுமா?

கேள்வியில் மூன்று குறைகள் சொல்லியிருக்கிறீர்கள். போனில் மின்னூலைத் திறந்தால் எழுத்து பொடியாகத் தெரிகிறது, கொஞ்ச நேரத்தில் கண் எரிகிறது, நாலு பக்கம் தாண்டுவதற்குள் கவனம் எங்கோ போய்விடுகிறது. அதனால் படிப்பதற்கென்றே ஒரு ரீடர் வாங்கிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

அவசரப்பட்டு வாங்காதீர்கள். நான் நாவல்களைப் பெரும்பாலும் போனில்தான் படிக்கிறேன். உங்கள் குறைகளில் முதலாவதற்குப் போனைக் குற்றம் சொல்ல முடியாது, ஃபைலைத்தான் சொல்ல வேண்டும். நீங்கள் திறந்தது அநேகமாக பிடிஎஃப்.

பிடிஎஃப் 1993இல் அடோபி நிறுவனம் கொண்டுவந்த வடிவம். எந்தக் கணினியில் திறந்தாலும், எந்த பிரிண்டரில் எடுத்தாலும் பக்கம் இம்மியும் நகரக் கூடாது என்பதற்காகவே செய்தது. அச்சகத்துக்கு அது வரம், போனுக்கு அதுவே வினை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ. போனை நேராகப் பிடித்தால் திரையின் அகலம் ஏறக்குறைய 70 மி.மீ. பக்கம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது, 12 புள்ளி (பாயிண்ட்) எழுத்து 4 புள்ளி ஆகிவிடுகிறது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில்கூட எழுத்து இதைவிடப் பெரிதாக இருக்கும். இரண்டு விரலால் பெரிதாக்கினால் வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விடும். ஒவ்வொரு வரிக்கும் வலப்பக்கம் இழுத்து, மறுபடி இடப்பக்கம் தள்ளி, எந்த வரியில் இருந்தோம் என்று தேடி... இப்படிப் படித்தால் யாருக்கும் நாலு பக்கத்துக்கு மேல் ஓடாது.

இதே பிடிஎஃப்பை ரீடர் வாங்கித் திறந்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. பரவலாகக் கிடைக்கும் 6 அங்குல ரீடரின் திரை அகலம் 9 செ.மீ. தான்.

வேறு வடிவம் கிடைக்கவே இல்லை, பிடிஎஃப்தான் கதி என்றால் ஒரு வழி உண்டு. போனைப் படுக்கவைத்து, செயலியில் ஓரங்களை வெட்டும் வசதியைப் போடுங்கள். ஏ4 பக்கத்தில் இருபுறமும் 25 மி.மீ. வெற்றிடம் இருந்தால் எழுத்து நிற்கும் அகலம் 160 மி.மீ. படுக்கவைத்த போனின் அகலம் 150 மி.மீ. அளவில் இருக்கும். அதாவது எழுத்து ஏறக்குறைய அசல் அளவிலேயே தெரியும். ஒரு நேரத்தில் பக்கத்தின் ஒரு பகுதிதான் கண்ணுக்குப் படும், ஆனால் மேலிருந்து கீழே தள்ளினால் போதும், பக்கவாட்டில் இழுக்க வேண்டாம். ரீட்எரா, கோரீடர் என்ற படிக்கும் செயலிகள் இரண்டிலும் இந்த வசதி இருக்கிறது. கோரீடரில் இன்னொன்றும் உண்டு: பிடிஎஃப் பக்கத்திலிருந்து சொற்களைத் துண்டு துண்டாகப் பிரித்துத் திரைக்குத் தக்கபடி மறுபடி அடுக்கித் தரும். சில சமயம் சொதப்பும், பல சமயம் காப்பாற்றும்.

இனி ஈபப். போனில் படிப்பதென்றால் இதைத்தான் தேட வேண்டும். ஈபப் என்பது உள்ளே பார்த்தால் பல ஃபைல்களை ஒன்றாகக் கட்டிய ஒரு ஜிப் ஃபைல்தான். பெயரின் கடைசியில் இருக்கும் ‘.epub’ என்பதை ‘.zip’ என்று மாற்றித் திறந்தால், அத்தியாயங்கள் வலைப்பக்கங்களைப் போலத் தனித்தனியாக அடுக்கியிருப்பதைக் காணலாம். அதனால் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாகவே மடிந்து திரைக்குள் அடங்கும். இதில் நிலையான பக்க எண் கிடையாது. உங்கள் போனில் 400 பக்கம் காட்டும் நூல் என் போனில் 650 காட்டலாம். நண்பரிடம் ஓர் இடத்தைச் சொல்ல வேண்டுமென்றால் அத்தியாயத்தைச் சொல்லுங்கள். ஈபப், மோபி என்ற பழைய மின்னூல் வடிவம் இரண்டும் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு ஈபப்பை எடுங்கள். அமேசானின் ரீடரான கிண்டிலுக்கு ஃபைல் அனுப்பும் சேவையே 2022இல் ஈபப்பை வாங்க ஆரம்பித்து, பிறகு மோபியைக் கைவிட்டுவிட்டது.

சரி, ஈபப் கிடைத்துவிட்டது. திறந்ததும் படிக்க ஆரம்பித்துவிடாதீர்கள். செயலிகளின் தொடக்க அமைப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்தது, தமிழுக்கு அது பொருந்தாது. முதலில் வரிகளை இருபுறமும் சமமாக நிறுத்தும் அமைப்பை அணைத்துவிட்டு, இடப்பக்கம் மட்டும் நேராக இருக்கும்படி வையுங்கள். காரணம் நம் சொற்களின் நீளம். போன் திரையில், வசதியான எழுத்து அளவில், ஒரு வரிக்கு மூன்று நான்கு சொற்கள்தான் கொள்ளும். அடுத்து ‘போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்று ஒரு சொல் வந்தால் அது வரியில் அடங்காமல் கீழே இறங்கிவிடும். மேல் வரியில் மிஞ்சிய இரண்டு சொற்களையும் செயலி இரண்டு ஓரத்துக்கும் இழுத்துக் கட்டும், நடுவில் பெரிய ஓட்டை விழும். பக்கம் முழுக்க இப்படி ஓட்டை விழுந்தால் கண் தடுக்கித் தடுக்கித்தான் போகும். அச்சுப் புத்தகத்தில் சொல்லை எங்காவது உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோய்விடுவார்கள். எல்லாச் செயலிகளும் தமிழுக்கு அதைச் செய்வதில்லை.

அப்புறம் வரி இடைவெளி. மேலே விசிறியும் புள்ளியும், கீழே சுழியும் வாலும் உள்ள எழுத்து நம்முடையது. ஒன்றரை மடங்கு இடைவெளி கொடுத்தால்தான் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் விசிறியும் முட்டிக்கொள்ளாமல் இருக்கும். எழுத்துரு மெல்லிய கோடாக இருந்தால் மாற்றிவிடுங்கள். நோட்டோ வரிசையில் உள்ள தமிழ் எழுத்துருக்கள் இலவசம், சிறிய திரையிலும் தெளிவாக நிற்கும். வெளியிலிருந்து எழுத்துரு சேர்க்க விடும் செயலியாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இந்த மூன்றையும் ஒருமுறை சரி செய்துவிட்டால் அடுத்தடுத்த நூல்களுக்கும் அதுவே நிற்கும்.

கவிதைக்கு மட்டும் போனை நிமிர்த்திப் பிடித்துப் பயனில்லை. கவிஞர் மடித்த வரி எது, திரை போதாமல் மடிந்த வரி எது என்று தெரியாது. விருத்தம் போன்ற நீள அடிகள் என்றால் சொல்லவே வேண்டாம், ஓசையே கெட்டுவிடும். படுக்கவைத்து, எழுத்தை ஒரு படி குறைத்துப் படியுங்கள்.

கண் எரிச்சலுக்கு வருவோம். திரையைப் பார்க்கும்போது நாம் வழக்கத்தைவிடக் குறைவாகக் கண் சிமிட்டுகிறோம். கண் காய்வதும் எரிவதும் பெரும்பாலும் அதனால்தான். நீல ஒளி கண்ணைக் கெடுத்துவிடும் என்று கண்ணாடி விற்கிறார்களே, அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமி அந்தக் கண்ணாடிகளைப் பரிந்துரைக்கவில்லை. அவர்கள் சொல்வது செலவில்லாத வைத்தியம்: 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 விநாடி பாருங்கள். அத்தியாயம் முடியும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் பார்ப்பது என்று நான் பழக்கிக்கொண்டேன், கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. எழுத்து சிறிதாக இருந்தால் போனை முகத்துக்கு அருகே கொண்டுவருவோம், அதுவும் கண்ணுக்குக் கூடுதல் வேலை. எழுத்தைப் பெரிதாக்கிக் கையை நீட்டிப் பிடியுங்கள். இதையெல்லாம் செய்தும் எரிச்சல் விடவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது, பவர் மாறியிருக்கலாம்.

கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து நல்லதா என்பதில் ஆளுக்கொரு கட்சி. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓலெட் திரையில் கறுப்பு என்றால் அந்தப் புள்ளிகள் அணைந்தே இருக்கும், பேட்டரி மிச்சம். எல்சிடி திரையில் பின்விளக்கு எப்படியும் எரிவதால் அந்த லாபம் இல்லை. ஆனால் சிலிண்டர் பவர் உள்ளவர்கள் பலருக்குக் கறுப்பில் வெள்ளை எழுத்து கசிந்து பரவுவது போலத் தெரியும். எனக்குப் பிடித்தது பழுப்பேறிய தாள் நிறமும் கரும்பழுப்பு எழுத்தும். இன்னொரு விஷயம், பல ஓலெட் திரைகள் வெளிச்சத்தைக் குறைக்கும்போது உண்மையில் வேகமாக அணைந்து அணைந்து எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சிலருக்குத் தலைவலி வரும். அப்படி வந்தால் வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்காமல் நடுவில் வைத்துவிட்டுப் பக்கத்தின் நிறத்தை மங்கலாக்குங்கள்.

தூக்கம் கெடும் என்பதும் அடிக்கடி சொல்லப்படுவது. 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் ஒளிரும் திரையில் படித்தவர்களுக்குத் தூக்கம் வரச் சுமார் 10 நிமிடம் கூடுதலாகப் பிடித்தது. அதில் பங்கெடுத்தவர்கள் 12 பேர். முழு வெளிச்சத்தில் வைத்த டேப்லட்டில், படுக்கப் போகும் முன் 4 மணி நேரம் படித்தார்கள். விளக்கை அணைத்துவிட்டு மங்கலான திரையில் ஓர் அத்தியாயம் படிப்பவர் இதற்காகக் கவலைப்பட வேண்டாம் என்பது என் எண்ணம்.

கவனம் சிதறுவதுதான் இருப்பதிலேயே நியாயமான புகார். புத்தகமும் வாட்ஸப்பும் ஒரே கண்ணாடிக்குள் குடியிருக்கின்றன. மேலே ஒரு பட்டை இறங்கி “நாளைக்கு வர்றியா?” என்று ஒரு வரி காட்டினால் போதும், கதாநாயகி கிணற்றடியில் நின்றபடியே இருப்பாள், நாம் அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்புவோம். தொந்தரவு செய்யாதே அமைப்பில் படிப்பதற்கென்று ஒன்றை உருவாக்கி, வீட்டாரின் அழைப்பு மட்டும் வரும்படி வையுங்கள். நூல் ஏற்கெனவே போனுக்குள் இறங்கியிருந்தால் விமானப் பயன்முறையே போதும். செயலியை முழுத்திரையில் வைத்து மணி, பேட்டரி எதுவும் தெரியாமல் மறைத்துவிடுவதும் உதவும். மேலிருந்து கீழே உருட்டுவதைவிடப் பக்கம் பக்கமாகத் திருப்புவது எனக்கு உகந்தது. உருட்டும்போது விரல் சமூக வலைத்தளம் பார்க்கும் வேகத்துக்குப் போய்விடுகிறது.

எதைப் படிக்கிறீர்கள் என்பதும் முக்கியம். தாளையும் திரையையும் ஒப்பிட்ட 54 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2018இல் ஒரு கட்டுரை வந்தது. அந்த ஆய்வுகளில் பங்கெடுத்தவர்கள் மொத்தம் 1,70,000க்கும் மேல். தகவல் நிறைந்த உரையைப் புரிந்துகொள்வதில் தாள் முந்தியது, நேரக் கெடு இருந்தால் வித்தியாசம் இன்னும் கூடியது. கதைகளில் அப்படி வித்தியாசம் காணவில்லை. என் அனுபவமும் அதுதான். நாவல், சிறுகதை, பயணக் கட்டுரை எல்லாம் போனில் தடையில்லாமல் ஓடுகின்றன. முன்னும் பின்னும் புரட்டிப் பார்க்க வேண்டிய வரலாறு, அட்டவணைகள், வரைபடங்கள் உள்ள நூல், தேர்வுக்கான பாடம் என்றால் நான் தாளுக்குப் போய்விடுவேன்.

போனில் கூடுதலாகக் கிடைப்பவையும் உண்டு. ஆங்கில நூலில் ஒரு சொல்லை அழுத்திப் பிடித்தால் பொருள் வரும். தமிழில் இது அரைகுறைதான், ‘நடந்தவனை’ என்று அழுத்தினால் ‘நட’ என்று அகராதியில் தேடும் சாமர்த்தியம் பெரும்பாலும் இருக்காது. உரக்கப் படிக்கும் வசதி நன்றாகவே வேலை செய்கிறது, உரையாடல்களில் மட்டும் எல்லாரும் ஒரே குரலில் பேசுவார்கள். கண் களைத்தபின் ஓர் அத்தியாயத்தைக் கேட்டு முடிக்கலாம்.

இலவச நூல்களுக்கு அலைய வேண்டாம். மதுரைத் திட்டம் 1998 முதல் தமிழ் நூல்களை மின்வடிவில் தந்துவருகிறது. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் ஈபப் நேரடியாகவே கிடைக்கும். ஈழத்து நூல்களுக்கு ‘நூலகம்’ என்ற தளம். ஆங்கிலத்துக்கு 1971இல் தொடங்கிய குட்டன்பர்க் திட்டம். விலைக்கு வாங்குவதில் ஒரு நெருடல் உண்டு: பல கடைகளில் நீங்கள் வாங்குவது படிக்கும் உரிமையை மட்டுமே. மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை 2019இல் மூடியபோது வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பியது, நூல்கள் போய்விட்டன. 2025 பிப்ரவரியில் அமேசான், கிண்டில் நூல்களைக் கணினிக்கு இறக்கி யுஎஸ்பி வழியாக மாற்றும் வழியை மூடியது. பூட்டில்லாத ஃபைலாகத் தரும் பதிப்பகம் இருந்தால் நான் அங்கேதான் வாங்குவேன்.

அப்போ ரீடர் யாருக்கு? வெயிலில் உட்கார்ந்து படிப்பவர்களுக்கு, ஒரே மூச்சில் மணிக்கணக்கில் படிப்பவர்களுக்கு, எத்தனை அமைப்பு மாற்றினாலும் வாட்ஸப்பைத் திறக்காமல் இருக்க முடியாதவர்களுக்கு. உங்கள் போனில் ஓர் ஈபப் நாவலை மேலே சொன்னபடி அமைத்துப் படித்து முடித்துவிட்டு, அதன் பிறகும் வேண்டும் என்று தோன்றினால் வாங்குங்கள்.

கடைசியாக, உங்களிடம் இருப்பது பழைய நூல்களின் ஸ்கேன் என்றால் நிலைமை வேறு. அது எழுத்தே இல்லை, பக்கத்தின் படம். கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸ் ஆகத் திறந்தால் எழுத்தாக மாற்றித் தரும். ஆனால் துணைக்காலை ‘ர’ என்று எடுத்துக்கொள்ளும், மங்கிய புள்ளிகளை விட்டுவிடும். ஒரு சிறுகதைக்கு உட்கார்ந்து திருத்தலாம். முழு நாவலுக்குத் திருத்தும் பொறுமை எனக்கு இல்லை. அந்த மாதிரி நூல் கிடைத்தால் போனைப் படுக்கவைத்து ஓரத்தை வெட்டிப் படிப்பேன், அதுவும் சரிவராவிட்டால் மடிக்கணினியில் திறந்துகொள்வேன்.